மேசையிலேயே விட்டுப் போங்கள்

மேசையில் அலங்கோலமாகக் கிடக்கும் புத்தகத்தைக் கண்டால் பவானேஸ்வரிக்கு முகம் மலர்கிறது. கையில் ஸ்கேனரோடு மேசை மேசையாகச் சுற்றி வருகிறார். கவிழ்ந்து கிடப்பதையும், பிஸ்கட் தூளோடு விரிந்து கிடப்பதையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்னட்டையில் சிவப்பு வெளிச்சத்தைக் காட்டுகிறார். ‘பீப்’ என்கிறது. யாரோ ஒருவர் இங்கே உட்கார்ந்து இதைப் படித்தார் என்று கணினி ஒப்புக்கொண்டுவிட்டது. பள்ளி விட்டு வந்து இறைத்துவிட்டுப் போகும் பிள்ளைகளை அவர் திட்டுவதில்லை. அவரிடம் திட்டு வாங்குகிறவர்கள் எல்லாரும் ஒழுங்கானவர்கள்.

புக்கிட் காத்திலில், தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு நடுவே இருக்கும் சிறிய கிளை நூலகம் அது. கல்யாணத்துக்கு முன்பே உதவியாளராகச் சேர்ந்தவர் பவானேஸ்வரி. அன்றைக்கு அந்தத் தொழிலுக்குத் தேவைப்பட்டவை தேதி முத்திரையைக் கோணாமல் குத்துவது, காற்றுக் குமிழி விழாமல் பிளாஸ்டிக் உறை போடுவது, பேசுகிறவர்களை முறைப்பது. மூன்றிலும் தேறினார். தேறி முடிக்கவும் முத்திரையைக் கணினி விழுங்கியது, உறையைக் கடைக்காரரே போட்டுக் கொடுத்தார், இனி நூலகத்தில் மக்கள் தாராளமாகப் பேசலாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. முறைக்கிற பழக்கம் மட்டும் முகத்தில் தங்கிவிட்டது.

அதன்பிறகு அவர் போகாத கோர்ஸ் இல்லை. பொம்மை வைத்துக் கதை சொல்லும் கோர்ஸ், வீடியோ வெட்டி ஒட்டும் கோர்ஸ், ரோபோவுக்குச் சக்கரம் மாட்டும் கோர்ஸ். முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அவர் செய்த சருகுமான் சாவிக்கொத்து மூன்று காலோடு வெளியே வந்தது. “நாலாவது கால் அடுத்த கோர்ஸ்ல வரும்போல,” என்று சொல்லி, அதில்தான் மோட்டார்சைக்கிள் சாவியை மாட்டியிருக்கிறார். எந்தப் பயிற்சியைப் பற்றிக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: “எனக்கே சரியா புரியல. ஆனா செஞ்சிருவேன் லா.”

செய்தும்விடுகிறார், அதுதான் வியப்பு. வருகிறவர் கேட்பது ஒன்றாகவும் தேடுவது வேறாகவும் இருக்கும், ஆகவே எதிர்க்கேள்வி கேட்டு விஷயத்தை வாங்க வேண்டும் என்று ஒரு கோர்ஸில் சொல்லிக் கொடுத்தார்கள். மறுநாள் அவசரமாக வந்த ஒருவர் கழிவறை எங்கே என்றார். “உங்களுக்கு உண்மையில என்ன தேவைப்படுது, அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல முடியுமா?” என்று பவானேஸ்வரி கனிவோடு கேட்டார். வந்தவர் விளக்குகிற நிலையில் இல்லை.

இப்போது அவருக்குப் பதவி உயர்வு நேர்முகம் வருகிறது. ஏதாவது ஒரு புதிய திட்டத்தைச் செய்து காட்டினால்தான் அடுத்த படி. விளக்கும் கேமராவும் பின்னணிக்குப் பச்சைத் துணியும் வைத்து, பிள்ளைகள் வீடியோ எடுக்க ஒரு மூலை அமைப்பதாக எழுதிக் கொடுத்தார், அனுமதியும் கிடைத்தது. இடம்தான் இல்லை. இந்த மாதக் கடைசியில் எந்த அலமாரிக்கு ‘பீப்’ குறைவோ அதைக் காலி செய்துகொள்ளுங்கள் என்றது மேலிடம். கணினி கடைசி இடத்தில் காட்டியது தமிழ் அலமாரியை. நல்ல இடம், வெயில் படாது, மின்சாரமும் பக்கத்திலேயே. அதற்கு முந்திய இடத்தில் பழைய சட்டப் புத்தகங்கள். அவை நிற்பது மேற்கு ஜன்னலோரம். பிற்பகலில் வெயில் கண்ணில் அடிக்கும். அங்கே கேமரா வைத்தால் படத்தில் யார் முகமும் தெரியாது. நேர்முகத்தில் கேள்வி கேட்பவர்களுக்கும் அது தெரியும்.

தமிழ் அலமாரிக்கு ஆளில்லை என்றால் அதுவும் பொய். வீராசாமியும் அங்கமுத்துவும் ரொட்டி சானாய் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு தினமும் காலையில் வந்துவிடுகிறார்கள். இருவரும் ரப்பர்த் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று இந்தத் தாமானில் பிள்ளைகளோடு இருப்பவர்கள். வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டார்கள். கவர்மெண்டுப் புத்தகத்தில் பேரப்பிள்ளை கிறுக்கிவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம். இங்கேயே படிப்பார்கள். படித்ததும் எடுத்த இடத்திலேயே, முதுகு வரிசை பார்த்து, தட்டிச் சரிசெய்து வைப்பார்கள். ‘பீப்’ அடிக்க மேசையில் ஒன்றும் மிஞ்சாது. அவர்கள் காட்டும் மரியாதையில் அலமாரி செத்துக்கொண்டிருந்தது.

பவானேஸ்வரி முதலில் நயமாகச் சொல்லிப் பார்த்தார்.

“அங்கிள், படிச்சிட்டு அப்படியே மேசையில போட்டுட்டுப் போங்க லா.”

“ஏம்மா, நான் அடுக்குறது அவ்வளவு மோசமாவா இருக்கு?” என்றார் வீராசாமி.

“நல்லா அடுக்குறீங்க. அதான் பிரச்சனை.”

“எடுத்த எடத்துல வைங்கன்னு மூணு பாஷையில எழுதி ஒட்டுனது யாரு?”

“நான்தான்.”

“இப்ப வைக்காதேன்னு சொல்றது?”

“அதுவும் நான்தான் அங்கிள்.”

“ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே உனக்கு?”

பழைய தாளைக் கிழித்துவிட்டு, ‘மேசையிலேயே விட்டுப் போங்கள்’ என்று பவானேஸ்வரி புதுத்தாள் ஒட்டினார். அது பிள்ளைகளுக்கு எழுதியது என்று பெரியவர்கள் தீர்மானித்தார்கள். பிறகு ஒரு நாள் வீராசாமி மனதைத் திடப்படுத்திக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, ஒரு புத்தகத்தை மேசையிலேயே விட்டுப் போனார். பின்னால் எழுந்த அங்கமுத்து அதை எடுத்து அலமாரியில் வைத்தார். “வயசாச்சு, மறந்துட்டான் பாவம்,” என்று பவானேஸ்வரிக்குச் சமாதானமும் சொன்னார்.

அவரையும் உட்காரவைத்து விளக்கியாயிற்று. அதன்பின் இருவரும் விட்டுத்தான் போனார்கள், மேசையிலும் ஓரம் சேர்த்து அடுக்கி. ஒவ்வொரு ‘பீப்’புக்கும் பவானேஸ்வரி மகிழ்ந்தார், மகிழ்ந்த கையோடு ஜன்னலோர வெயிலைப் பார்த்துக் கவலைப்பட்டார். தன் பதவி உயர்வுக்கு எதிராக இத்தனை ஊக்கத்தோடு வேலை செய்த உதவியாளர் வேறு கிளையில் இருப்பாரா என்பது சந்தேகம்.

மாதத்தின் கடைசி மாலை. சட்ட அலமாரியும் தமிழ் அலமாரியும் சமமாக வந்து நின்றன. வாசகர்கள் போய்விட்டார்கள், மேசைகள் காலி. கவுண்டரில் கணினியை மூடப்போன சக உதவியாளர் பாட்ரீசியாவுக்குப் பொறுக்கவில்லை.

“அக்கா, ஒரு புக்க எடுத்து நீயே ‘பீப்’ அடி. யாரு பாக்கப் போறா?”

“யாரும் படிக்கலையே. அது பொய் இல்லையா?”

“அலாமா. அப்ப விடு. சமம்னா எதை வேணா நீ தூக்கலாம். தமிழைத் தூக்கிட்டு உன் மூலையைப் போடு. இன்டர்வியூல பாஸ்.”

“அதுவும் சரியில்ல.”

“அப்ப வீடியோ மூலை வேணாமா?”

“வேணும்.”

“தமிழ் புக்கு?”

“அதுவும் இருக்கணும்.”

“அப்ப என்னதான் சொல்ற?”

“அதான் தெரியல பாட்.”

பாட்ரீசியா ஒவ்வொரு விளக்காக அணைக்கத் தொடங்கினார். பவானேஸ்வரி தமிழ் அலமாரிக்குப் போனார். கைக்கு வந்த ஒரு நாவலை உருவி மேசையில் வைத்தார். ஸ்கேனரைப் பின்னட்டைக்கு நேரே பிடித்தார். விரல் அழுத்தவில்லை. ஸ்கேனரைக் கைக்கெட்டும்படி ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தார்.

“அக்கா, பூட்டணும்,” என்றார் பாட்ரீசியா, கடைசி விளக்கின் சுவிட்சில் கை வைத்தபடி.

பவானேஸ்வரி தலை நிமிராமல் ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு, அதே விரலை நாவில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.