லிஃப்ட்காரரின் பழைய நம்பர்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பாதி ஆயுளை யாரிடமும் சம்பளத்துக்கு நிற்காமல், கூப்பிட்ட கட்டடத்துக்கெல்லாம் ஓடியே கழித்தார். ஓர் அழைப்பை விட்டால் அந்தக் கட்டடம் கைவிட்டுப் போய்விடும் என்று பயம். குளிக்கும்போதுகூட போனைப் பாலிதீன் பையில் கட்டி உள்ளே எடுத்துப் போவார்.

போன மாதம் ஒரு மருத்துவமனையில் நிரந்தர வேலை கிடைத்தது. வெளிவேலை தொடக்கூடாது என்றார்கள். பழைய ஆட்களோ விடாமல் கூப்பிட்டார்கள். "முடியாது" என்று சொல்ல இந்த மனுஷனுக்கு வாய் வராது. ஞாயிற்றுக்கிழமை ஒரு குடியிருப்புச் செயலாளர் கூப்பிட்டதும் குரலை மாற்றிக்கொண்டு, "அவர் தவறிட்டாருங்க, நான் அவரோட தம்பி பேசறேன்" என்றார். நான் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"அடப்பாவமே, தங்கமான மனுஷனாச்சே!" என்று ஸ்பீக்கரில் கேட்டது. ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. "தம்பி, லிஃப்ட் பாதியில நிக்குது. வேற ஆள் நம்பர் இருக்குமா?"

இவரும் கொடுத்தார்.

செய்தி பரவியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த போன் அடிக்கவே இல்லை. ஆனாலும் குளிக்கப் போகும்போது அதைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டுதான் போகிறார். பாதிக் குளியலில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிடும். உள்ளே அவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். வெளியே நானும்தான்.