ஒத்தக் கிளவுஸ் எதுக்கு வந்தாள்?

தொண்ணூற்றேழில், நான் பெங்களூரில் செகண்ட் பி.யூ.சி., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எங்கள் வீடு ஆஸ்டின் டவுனில் இருந்தது. பஸ் இறங்கி வீட்டுக்கு நடக்கிற வழியில் ஒரு பேக்கரிக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே, அழுக்குப் பச்சைத் திரை தொங்கும் ஒரு வீடியோ கேம் கடை. உள்ளே நாலு மெஷின், ஒரே ஒரு ஃபேன், அது திரும்பாத பக்கமெல்லாம் பையன்கள்.

பொம்பளைப் பிள்ளைகள் அந்தத் திரையைத் தாண்ட மாட்டார்கள். போர்டு எதுவும் மாட்டவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். நானும் முதல் தடவை மழைக்குத்தான் ஒதுங்கினேன். அப்போது ஒரு பையன் சண்டை ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தான். அவனுக்கு எதிரே கம்ப்யூட்டர் ஆட்டிவைத்தது ஒரு பெண்ணை. வலது கையில் மட்டும் சிவப்பு கிளவுஸ், இடது கை வெறுங்கை. மலை மாதிரி நின்ற ஒரு மொட்டைத் தலையனை அவள் வெறுங்கையால் பிடித்துத் தூக்கி ஒரே அடியாகத் தரையில் போட்டாள். அவ்வளவுதான், நான் அவளிடம் விழுந்துவிட்டேன். மழை எப்போது நின்றது என்றே எனக்குத் தெரியாது.

அதற்கப்புறம் வாரத்தில் மூன்று நாலு நாள் போனேன். முதலில் பையன்கள் சிரித்தார்கள். பிறகு என்னிடம் தோற்றார்கள். அப்புறம் "மேடம் வந்துட்டாங்கப்பா" என்று கிண்டலாகச் சொல்லிவிட்டு இடம் விட்டார்கள். நான் அந்த ஒத்தக் கிளவுஸ்காரியை மட்டும்தான் எடுப்பேன். மற்றவர்கள் யாரும் அவளைத் தொடமாட்டார்கள். பெண்ணை வைத்து ஆடினால் மானம் போய்விடுமாம்!

அந்தக் கடையில் ஆடுகிற நேரத்தைவிட வாய்ச்சண்டை போடுகிற நேரம்தான் அதிகம். மெஷினில் எட்டு வீரர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கதை உண்டு. ஆனால் எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி, யாருக்கும் படிக்க வராது. ஆகவே வீரர்களுக்கு நாங்களே பேர் வைத்தோம்: மொட்டை, சங்கிலி, ஒத்தக் கிளவுஸ், கடைசியில் வருகிற பெரிய வில்லனுக்கு வெள்ளைக் கோட்டு. நடுநடுவே வந்து போகும் படங்களைப் பார்த்துக் கதையும் நாங்களே கட்டினோம். மொட்டைக்கும் சங்கிலிக்கும் புருவத்தில் ஒரே மாதிரி தழும்பு இருக்கிறது, அதனால் அண்ணன் தம்பி என்று ஒரு கட்சி. இல்லை, ஒருத்தன் இன்னொருத்தனை வெட்டப்போய் ரெண்டு பேருக்கும் பட்ட காயம் என்று இன்னொரு கட்சி. இதற்காக ஒருவன் சட்டை கிழிந்து வீட்டுக்குப் போனான்.

உண்மை என்ன என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வழி இருந்தது. வெள்ளைக் கோட்டை வீழ்த்திவிட்டால், ஆடியவருடைய வீரனின் கதை படம் படமாகத் திரையில் ஓடும். ஆனால் அது ஓடுகிற நேரத்தில் யாரும் காசு போட முடியாதே! அதனால் கடைக்கார பாய், வெள்ளைக் கோட்டு விழுகிற சத்தம் கேட்டதும் எழுந்து வந்து, சுவரில் இருக்கிற சுவிட்சை ஒரு தட்டுத் தட்டி அணைத்து மறுபடி போடுவார். "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்பார். எங்கள் கடையில் ஒரு பயலும் ஒரு கதையின் முடிவையும் பார்த்தது கிடையாது.

அதனால் கடைக்கு ஒரு சட்டம் வந்தது. கதையில் சண்டை வந்தால் ரெண்டு பேரும் மோத வேண்டும். கெலிச்சவன் சொல்வதுதான் கதை. தோற்றவன் மெஷின் மேல் கை வைத்து, கெலிச்சவன் சொன்ன கதையை எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பெரும்பாலும் கெலிக்கிறவன் ஒருவன்தான். டிப்ளமோ படிக்கிறவன், எல்லோரும் அவனை மாஸ்டர் என்பார்கள். அவன் ஒருநாள் ஒத்தக் கிளவுஸ்காரியின் கதையைச் சொன்னான். அவள் வெள்ளைக் கோட்டைக் காதலித்தவளாம். பிரியும்போது ஒரு கிளவுஸை அவனிடம் கொடுத்துவிட்டாளாம். அவனைப் பார்க்கத்தான் போட்டிக்கே வந்தாளாம். அதற்கு ஆதாரம், ஆரம்பப் படத்தில் அவள் வெள்ளைக் கோட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்பது.

எனக்கு வந்ததே கோபம். மற்ற ஆண் வீரர்களும் அதே வெள்ளைக் கோட்டைத் தேடித்தான் வருகிறார்கள். அவர்களுக்கெல்லாம் பழி, பட்டம், பதவி. இவளுக்கு மட்டும் காதலா? "அவ கையைப் பாரு. கிளவுஸ் கையால குத்துறா, வெறுங்கையால பிடிச்சுத் தூக்குறா. பிடிக்க விரல் வேணும், அதான் ஒண்ணைப் போடல. அவ சண்டை போட வந்தவ, அவ்ளோதான்" என்றேன்.

"அய்யே, சும்னே, சும்மாவே யாராவது சண்டைக்கு வருவாங்களா மேடம்?" என்றான் மாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த வாரமே எங்கள் வீட்டிலும் ஒரு கதை வந்து சேர்ந்தது. எதிர்வீட்டு ஆன்ட்டி நான் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்திருக்கிறார். அம்மாவிடம் வந்து, உங்க பொண்ணு அந்தக் கடையில் யாரோ ஒரு பையனைப் பார்க்கப் போகிறாள் என்று பக்குவமாகப் போட்டுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"யாருடி அந்தப் பையன்?" என்றார் அம்மா.

"யாரும் இல்லம்மா. கேம் ஆடப் போறேன்."

"பையன் இல்லாம எதுக்குடி அங்க போற?"

அம்மா அதைக் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார், அதுதான் எனக்கு வலித்தது. அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்த அப்பா அதிகம் பேசமாட்டார். திங்கட்கிழமையிலிருந்து காலேஜ் விட்டால் நேராக வீடு என்று மட்டும் சொன்னார்.

ஆக, எனக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு சனிக்கிழமை மட்டும். அன்றைக்குப் போகாமல் விட்டிருந்தால் ரெண்டு கதையும் அப்படியே நின்றுபோயிருக்கும். கடையில் அவள் ஒரு ஆளுக்காக வந்தவள், தெருவில் நான் ஒரு பையனுக்காகப் போனவள். ரெண்டையும் கட்டியவர்கள் வேறு வேறு ஆட்கள், ஆனால் கதை ஒன்றுதான். அன்று மத்தியானம் நான் பச்சைத் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், மாஸ்டரிடம் "வா, மோதலாம்" என்றேன்.

அவன் மொட்டையை எடுத்தான். நான் ஒத்தக் கிளவுஸை எடுத்தேன். கடையே எங்களைச் சுற்றி வந்துவிட்டது. முதல் ரவுண்டு எனக்கு, ரெண்டாவது அவனுக்கு. மூன்றாவதில் நான் அவசரப்பட்டுக் கிட்டே போனேன். மொட்டை என்னைப் பிடித்துக்கொண்டான், விடவில்லை. என் ஆள் கீழே கிடந்தாள்.

தோற்றுவிட்டேன். யாரையும் குறை சொல்ல முடியாத, சுத்தமான தோல்வி.

மாஸ்டர் ஜாய்ஸ்டிக் கம்பியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி நின்றான். "கை வை மேடம். கதையைச் சொல்லு." பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

நான் மெஷின் மேல் கை வைத்தேன், ரெண்டு கையையும் வைத்தேன். "நான் தோத்துட்டேன். நீ நல்லா ஆடுன. ஆனா கதை அது இல்ல. அவ எவனுக்காகவும் வரல" என்றேன்.

கடையில் ஒரே கூச்சல். "இன்னா மா இது, ரூல் இல்லியா?", "இனிமே இவளைச் சேக்காதீங்கடா!" மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "தோத்தா சொல்லித்தான் ஆகணும். எல்லாரும் சொல்லியிருக்கோம். நான்கூட சொல்லியிருக்கேன்" என்றான்.

"நீ சொன்னது உன் இஷ்டம். என்னால ஆட்டத்துல தோக்க முடியும். பொய் சொல்ல முடியாது."

இந்தக் கலாட்டாவில் ஒரு வேடிக்கை நடந்தது. கெலித்தவன் ஆட்டத்தைத் தொடர வேண்டும் அல்லவா? மாஸ்டர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றதில், திரையில் அவனுடைய மொட்டை சும்மா நின்று கம்ப்யூட்டரிடம் உதை வாங்கிச் செத்துப்போனான். மெஷின் காலியானது. யாரும் கவனிப்பதற்குள் நான் என் காசைப் போட்டேன், ஒத்தக் கிளவுஸை எடுத்தேன்.

அந்த மாதிரி நான் அதற்கு முன்னாலும் ஆடியதில்லை, பின்னாலும் ஆடியதில்லை. கோபத்துக்கு அவ்வளவு தெம்பு இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. சங்கிலி விழுந்தான், மொட்டை விழுந்தான். முதலில் முனகிக்கொண்டிருந்த பையன்கள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். யாரோ ஒருவன் தன்னை மறந்து "பின்னாடி போ, பின்னாடி போ" என்று எனக்கே யோசனை சொன்னான். கடைசியில் வெள்ளைக் கோட்டு. குத்திக் குத்திப் பார்த்தேன், அசையவில்லை. வெறுங்கையால் பிடித்துத் தூக்கிப் போட்டேன். விழுந்தான்.

பாய்க்கு அந்தச் சத்தம் போதுமே. ஸ்டூலிலிருந்து எழுந்து, பழக்கத்தில் சுவிட்ச் பக்கம் கை நீட்டினார். நான் ஒரே எட்டில் போய் என் உள்ளங்கையால் சுவிட்சை மறைத்துக்கொண்டு சுவரோடு நின்றேன்.

"ஏ மா, தள்ளு. பசங்கோ லைன்ல நிக்கிறாங்கோ."

"நானும் காசு போட்டுத்தான் ஆடினேன் பாய். முடியற வரைக்கும் என் ஆட்டம். அணைக்க விடமாட்டேன்."

பாய் நல்ல மனுஷன்தான், ஆனால் கடையில் அதுவரை யாரும் அவரை எதிர்த்து நின்றதில்லை. "பேடாம்மா, வேணாம், இது சரியில்ல. இனிமே உன்னை உள்ளே விடமாட்டேன்" என்றார். விடாவிட்டால் போகிறது. எப்படியும் எனக்குத் திங்கட்கிழமையிலிருந்து கடை கிடையாதே! நான் நகரவில்லை. அப்போது மாஸ்டர் பாயின் தோளில் கை வைத்தான். "விடு பாய். பாக்கலாம். எனக்கும் பாக்கணும்."

அந்தக் கடையில் முதல் தடவையாக ஒரு கதையின் முடிவு ஓடியது. நான் சுவரோடு ஒட்டி நின்றபடி பக்கவாட்டில் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

ஒரு சின்ன அறை. அவள் மட்டும் உட்கார்ந்திருக்கிறாள். கிளவுஸைக் கழற்றுகிறாள். ஒரு பக்கெட் தண்ணீரில் அதைத் துவைக்கிறாள். வெளியே கொண்டுபோய்க் கொடியில் காயப்போடுகிறாள். காற்றில் ஒரு சிவப்பு கிளவுஸ் ஆடுகிறது. அதன் கீழே ஜப்பான் எழுத்தில் ரெண்டு வரி. முடிந்தது.

வெள்ளைக் கோட்டு அதில் இல்லை. வேறு எந்த ஆளும் இல்லை.

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு வீடியோ கேமுக்கு அழுகிறேனே என்று எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் துடைத்துக்கொள்ளவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒருவன், "அப்ப இன்னொரு கிளவுஸ் எங்க?" என்று கேட்டான். அவ்வளவுதான்! வெள்ளைக் கோட்டிடம் இருக்கும், இவளிடமே பெட்டியில் இருக்கும் என்று மறுபடி கச்சேரி ஆரம்பித்துவிட்டது. மாஸ்டர் எல்லோரையும் கையமர்த்தினான். என்னைப் பார்த்து, "மேடம், நீ சொல்லு. நீ இன்னா நினைக்கிற?" என்றான். தோற்றவளிடம் அந்தக் கடையில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "அவ எவனுக்காகவும் வரல" என்று முதலில் சொன்னதையேதான் மறுபடியும் சொன்னேன்.

வீட்டுக்குப் போனேன். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "கடைக்குத்தான் போயிட்டு வரேன். எந்தப் பையனும் இல்ல. எனக்குச் சண்டை ஆட்டம் பிடிக்கும், அதுக்காகப் போறேன். திங்கட்கிழமையும் போவேன். யாராவது வேற கதை சொன்னா, அது அவங்க கட்டின கதை" என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அப்பா பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி தூக்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையே சரி என்று எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை போனேன். பாயும் உள்ளே விட்டார், முறைத்துக்கொண்டேதான். எதிர்வீட்டு ஆன்ட்டி ஜன்னலில் நின்றார். நான் அவருக்கு டாட்டா காட்டிவிட்டுத்தான் திரையைத் தள்ளினேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் திடீரென்று ஞாபகம் வந்து, அந்த ஆட்டத்தை இன்டர்நெட்டில் தேடினேன். எங்கெங்கோ இருக்கிற ரசிகர்கள் ஒரு பக்கத்தில் கூடி அடித்துக்கொண்டிருந்தார்கள். எதைப் பற்றி? இன்னொரு கிளவுஸ் எங்கே என்பதைப் பற்றி! வில்லனிடம் இருக்கிறது, அவள் காதலுக்காக வந்தவள் என்று ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். எனக்குப் பழைய ரத்தம் கொதித்தது. டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, பிடிக்க விரல் வேண்டும் என்பதிலிருந்து கொடியில் காய்ந்த கிளவுஸ் வரைக்கும் எழுதிப் போட்டேன். உடனே பதில் வந்தது: நீ அந்த ஆட்டத்தை ஒரு தடவையாவது ஜெயித்திருக்கிறாயா?

ஜெயித்திருக்கிறேன், அதே நாளில் தோற்றும் இருக்கிறேன், ரெண்டு தடவையும் இதையேதான் சொன்னேன் என்று எழுதினேன்.

ஒரு பெண் ஓர் இடத்துக்கு ஏன் போனாள் என்று அவளைக் கேட்காமலே கதை கட்டுகிறவர்கள் எங்கேயும் இருக்கிறார்கள். இன்றைக்கும் அப்படி ஒரு கதை என் காதில் விழுந்தால், சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்ற அந்தப் பதினேழு வயதுக்காரியாகத்தான் நான் எழுந்து நிற்கிறேன்.