மவுண்ட் வந்தால் எழுப்பச் சொன்னவர்

தாம்பரத்தில் காலை ரயிலில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முகம் வாடியிருந்தது. "மவுண்ட் வந்தா கொஞ்சம் எழுப்பிவிடும்மா," என்று சொல்லிவிட்டு, ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பெண்கள் பெட்டியில் பாதிப் பேர் அப்படித்தான் தூங்கிக்கொண்டு போவோம். நான் பெரிதாக நினைக்கவில்லை.

பழவந்தாங்கல் தாண்டியதும் தோளைத் தொட்டேன். அசையவில்லை. உலுக்கினேன். தலை என் பக்கம் சரிந்தது. எதிரில் இருந்த பூக்கார அக்கா அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "மூச்சே இல்லியேம்மா," என்றார்.

அவர் மவுண்ட் என்று சொன்ன பரங்கிமலை ஸ்டேஷனில் நாலைந்து பேர் சேர்ந்து அவரை இறக்கி பெஞ்சில் கிடத்தினோம். ரயில்வே போலீஸ் வருவதற்குள் அவர் பையில் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"அம்மா, டிக்கெட் கவுன்டர்கிட்ட நிக்கிறேன். இறங்கிட்டீங்களா?"

"பிளாட்பாரத்துக்கு வாங்க," என்று மட்டும் சொன்னேன்.

ஓடி வந்த மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு கதறினாள். ஆம்புலன்சுக்காகக் காத்திருந்தபோது என்னிடம் கேட்டாள்: "கடைசியா ஏதாவது சொன்னாங்களாக்கா?"

சொன்னேன்.

"அம்மா யார்கிட்டயும் எந்த உதவியும் கேக்க மாட்டாங்க. உங்ககிட்ட கேட்டிருக்காங்க," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தினமும் யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் வேலைக்குப் போகிறேன். பெயர்கூடத் தெரியாத ஒருவருடைய கடைசிப் பேச்சு என்னிடம் வந்து முடியும் என்று நினைத்ததே இல்லை. அந்தப் பாரம் இன்னும் இறங்கவில்லை.