ராஜவேலு கடைக் கம்ப்யூட்டரில் இடமில்லை

ஸ்வர்ணலதா யாரையும் எளிதில் நம்பமாட்டாள். தொண்ணூற்றேழாம் வருஷம் ஆரணியில் ராஜவேலுவின் டிசைன் சென்டருக்கு வேலைக்கு வருவதற்கு முன்பே அவள் அப்படித்தான். அதற்குக் காரணமும் இருந்தது. கிராஃப் தாளில் கையால் கட்டம் நிரப்பிப் புடவை டிசைன் போட்டுக்கொண்டிருந்த நாளில், சோளக்கதிர் வைத்து ஒரு முந்தானை வரைந்தாள். கேட்ட வியாபாரியிடம் அது போய்ச் சேர்வதற்குள் வேறொருவர் தறியில் அதே கதிர் ஏறிவிட்டது. எடுத்தவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. தெரியாததாலேயே எல்லோர் மேலும் ஒரு கண் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டாள்.

கடையில் மூன்று பேர்தான். கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது ஸ்வர்ணலதா. அதைப் பார்த்து அட்டையில் துளை குத்துவது குப்புராஜ். அந்த அட்டைகளைக் கோத்துத் தறிக்கு மேலே ஜக்கார்டில் மாட்டினால்தான் புடவையில் பூ விழும். ராஜவேலு கடைக்காரர். வியாபாரிகளோடு பேசுவதும் வேலை பிடிப்பதும் அவர் பொறுப்பு. ஒருவருக்காகப் போட்ட டிசைன் அந்தப் பருவம் முடியும்வரை இன்னொருவர் கண்ணில் படாது என்பதுதான் அவர் கடைக்கு இருந்த பேர். அந்தப் பேரைத் தான்தான் காப்பாற்றுவதாக ஸ்வர்ணலதா நினைத்துக்கொண்டிருந்தாள். குப்பைக்கூடையில் போடும் தாளைக்கூட நாலாகக் கிழித்துத்தான் போடுவாள்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம், தீபாவளி வேலைகள் குவிந்திருந்த நேரம். ஒரு பெரிய வியாபாரிக்காக உடல் முழுக்கக் கொடி ஓடும் டிசைன் ஒன்றைப் போட்டு முடித்து சேவ் செய்யப் போனபோது, டிஸ்கில் இடமில்லை என்று கம்ப்யூட்டர் கையை விரித்தது. வாங்கி ஆறு வருஷம் ஆன பெட்டி. மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்தாள். கடைசியில் பழைய டிசைன்கள் இரண்டை அழித்துத்தான் புதியதை உள்ளே நுழைக்க முடிந்தது.

வேலூரிலிருந்து சர்வீசுக்கு வரும் சின்னதுரையை வரவழைத்தார்கள். மூடியைக் கழற்றித் தூசி ஊதிவிட்டு, டிஸ்கை எடுத்துப்போய் வேறு பெரிய டிஸ்கில் எல்லாவற்றையும் மாற்றிக் கொண்டுவருவதாகச் சொன்னான். அது கடையை விட்டு வெளியே போகாது என்று ஸ்வர்ணலதா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். ஆறு வருஷத்து டிசைன் மொத்தமும் அதற்குள் இருக்கிறது. இவன் வேலூரில் எந்தக் கடையில் உட்கார்ந்து மாற்றுவான், அங்கே யார் யார் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? அப்படியானால் வேண்டாததை நீங்களே அழித்துக்கொள்ளுங்கள் அக்கா என்று சொல்லிவிட்டு அவன் வேலூர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டான். போகும்போது ராஜவேலுவோடு வாசலில் நின்று ஏதோ தணிந்த குரலில் பேசினான். அதையும் அவள் பார்த்து வைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து அழிக்கிற வேலை ஆரம்பமானது. யாரோ எப்போதோ ஏற்றிவைத்த சினிமாப் பாட்டுகள், சீட்டு விளையாட்டு, பூக்கள் படம், சாமி படம் எல்லாம் போயின. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் குப்பைத்தொட்டியைக் காலி செய்யாதவரை அழித்ததெல்லாம் உள்ளேயே உட்கார்ந்திருக்கும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அழித்துவிட்டோம் என்று நினைத்தது அழியாமல் இருப்பது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. தொட்டியையும் காலி செய்தாள். நிம்மதியாக வேலை பார்க்கும் அளவுக்கு இடம் கிடைத்தது.

ஆனால் அந்த இடம் நிற்கவில்லை. ஒரு வாரம் போவதற்குள் பாதி மறைந்துவிட்டது. அந்த வாரம் அவள் புதிதாகப் போட்டது ஒரு சின்ன பார்டர் மட்டும்தான். மறுபடி எதையோ தேடி அழித்தாள், மறுபடி குறைந்தது. காலையில் பார்த்தால் அப்படியே இருக்கும், சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் இறங்கியிருக்கும். ஓட்டைப் பானையில் தண்ணீர் குறைந்தால் ஒழுகுகிறது என்று தெரியும். இங்கே நிரம்பிக்கொண்டே போகிறதென்றால் யாரோ ஊற்றுகிறார்கள். அவள் சாப்பிட வீட்டுக்குப் போகும் நேரத்தில் கடையில் இருப்பது குப்புராஜ் ஒருவர்தான்.

வீட்டில் கணவன் ஜெயக்குமாரிடம் சொன்னாள். அவன் சந்தவாசல் வழியாகப் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பழைய மெஷின் என்றால் அப்படித்தான் பேஜார் பண்ணும், இதற்கெல்லாம் ஆளைச் சந்தேகப்படலாமா என்று சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். அதன்பிறகு அவனிடமும் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒருநாள் ராஜவேலு காஞ்சிபுரம் போயிருந்தார். ஸ்வர்ணலதா டிஸ்கில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரையும் திறந்து, எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தாள். விண்டோஸுக்குள் அவள் என்றைக்கும் கை வைக்காத ஒரு மூலையில் அது கிடந்தது. எல்லாம் ஒரே அளவுத் துண்டுகள். ஒவ்வொரு துண்டும் சரியாக ஒரு ஃப்ளாப்பியில் அடங்கும் அளவு. பெரிய ஃபைலை ஃப்ளாப்பியில் எடுத்துப்போக வேண்டுமானால் இப்படித் துண்டு போட்டுத்தான் ஆகவேண்டும். துண்டுகளின் பெயரை ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்தாள். எல்லாம் அவள் டிசைன்கள். கொடி ஓடும் புதுப்புடவையும் அதில் இருந்தது. அவை உண்டான நேரமும் பக்கத்திலேயே பதிந்திருந்தது. எல்லாமே சாப்பாட்டு நேரம்.

அவள் எதையும் அழிக்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு நாளும் குப்புராஜ் அட்டை குத்தும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வேலை பார்த்தாள். சோளக்கதிர் முந்தானை திருடுபோன வருஷம்கூட இவர் வேறொரு கடையில் அட்டைதான் குத்திக்கொண்டிருந்தார் என்பது நினைவுக்கு வந்தது. மூன்றாம் நாள் சாப்பிடப் புறப்பட்டவள், தெருமுனை வரை போய் அப்படியே திரும்பி வந்தாள்.

குப்புராஜ் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள் ஃப்ளாப்பி கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"யாருக்குண்ணா எடுத்துகினு போறீங்க?"

"நான் யாருக்கும் எடுத்துகினு போவலம்மா. ஓனரு எடுத்து வைக்கச் சொன்னாரு. எப்புடின்னு சின்னதுரைதான் காட்டிக்குடுத்தான். ஓனரு வந்தா நீயே கேட்டுக்கோ, எனக்கு இதுல இன்னா தெரியும்?"

பொய் சொல்கிற முகம் இல்லை. அதுதான் அவளை அதிகமாகப் பதற வைத்தது. துண்டுகளை ஃப்ளாப்பிக்கு மாற்றிய பிறகு டிஸ்கில் இருப்பதை அழிக்கவேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. அதனால்தான் மாதக்கணக்கில் சேர்ந்து டிஸ்கே அடைத்துக்கொண்டது. சர்வீசுக்கு வந்த அன்றைக்கே சின்னதுரைக்கு அது தோன்றியிருக்காதா, தோன்றியும் வாயை மூடிக்கொண்டானா என்று பிற்பாடு பலமுறை அவள் யோசித்ததுண்டு.

ராஜவேலு வந்ததும் நேராகவே கேட்டாள். அவர் மறுக்கவில்லை. ஃபேனைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். கோடையில் சின்னதுரை வந்தபோது, புதுக் கம்ப்யூட்டர் ஒன்று இப்போது என்ன விலை என்று அவள் கேட்டிருக்கிறாள். அவன் அதை அவரிடம் சொல்லியிருக்கிறான்.

"நீ தனியா கடை போடப் போறன்னு நெனைச்சேன். நீ போவும்போது டிசைனெல்லாம் அழிச்சிட்டுப் போய்ட்டா நான் இன்னா பண்றது? அதான் ஒரு காப்பி எடுத்து வீட்ல வெச்சிகினேன். தப்பா?"

"இந்த மெஷின் இழுத்துகினு கெடக்குது, மாத்தலாம்னு உங்ககிட்ட சொல்றதுக்குத்தாண்ணா வெலை கேட்டேன்."

அவர் தலையாட்டினார். நம்பின மாதிரி தெரியவில்லை. ஸ்வர்ணலதாவுக்குக் கோபத்தைவிட வேறொன்றுதான் பெரிதாக இருந்தது. குப்பைத்தாளைக்கூடக் கிழித்துப் போட்டு இந்தக் கடைக்குக் காவல் இருந்தவள் அவள். அவளுக்கே இத்தனை மாதம் காவல் போட்டிருந்தார்கள். தன் பார்வை இதுவரை யார் யார் மேல் எப்படிப் பட்டிருக்கும் என்று அன்றைக்கு முதல்முறையாக நினைத்துப் பார்த்தாள். நினைத்தாளே தவிர, குணம் மாறிவிடவில்லை.

துண்டுகளை எல்லாம் அவளே அழித்தாள். டிஸ்கில் பாதிக்குமேல் காலியானது. தீபாவளி வேலைகளை ஒன்றுவிடாமல் முடித்துக்கொடுத்துவிட்டு, கார்த்திகையில் நின்றுவிடப்போவதாகச் சொன்னாள். தனிக்கடை என்ற எண்ணம் அதுவரை அவளுக்கு இருந்ததே இல்லை. அவர்தான் அதை அவள் தலைக்குள் போட்டுவிட்டார் என்று பின்னாளில் சொல்லுவாள்.

கடைசி நாள் சாயங்காலம் அவளே பையை மேஜைமேல் கவிழ்த்தாள். சீப்பு, குடை, டிபன் பாக்ஸ், பஸ் டிக்கெட்டுகள் விழுந்தன. ஒரு ஃப்ளாப்பிகூட எடுத்துப்போகவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அதெல்லாம் எதற்கு என்று ராஜவேலு சொல்வார் என எதிர்பார்த்தாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். டிபன் பாக்ஸைத் திறந்து உள்ளேயும் பார்த்தார். குப்புராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு அட்டைகளை அடுக்கினார்.

தை மாதம் போளூர் ரோட்டில் ஒற்றை அறையில் அவள் கடை திறந்தது. ஒரு வருஷத்துக்குள் குப்புராஜும் அங்கே வந்து சேர்ந்தார். அவரைப்போல சுத்தமாக அட்டை குத்த ஆள் கிடையாது என்பதால் சேர்த்துக்கொண்டாள். கம்ப்யூட்டர் இருந்த பக்கம் மட்டும் கண்ணாடித் தடுப்பு வைத்துப் பூட்டு போட்டாள். 

இரண்டாயிரத்து ஆறில் ராஜவேலுவின் பழைய டிஸ்க் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. வீட்டு பீரோவில் வைத்திருந்த ஃப்ளாப்பிகளை எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். பூசணம் பிடித்துப் பாதிக்குமேல் படிக்கவே இல்லை. ஒரு துண்டு போனாலும் அந்த டிசைன் மொத்தமும் போனதுதான். கொடி ஓடும் புடவையை மறுபடி கேட்டு ஒரு வியாபாரி நெருக்கிக்கொண்டிருந்தார். ராஜவேலு முதலில் ஆள் விட்டுக் கேட்டார், பிறகு தானே வந்தார். அவளிடம் அந்த டிசைன் இருந்தால் தரும்படி, பழைய அதிகாரம் எதுவும் இல்லாமல் கேட்டார்.

"எங்கிட்ட இல்லண்ணா. நீங்கதான் பையைப் பாத்து அனுப்புனீங்க. பழைய பொடவை ஒண்ணு கொண்டாந்து குடுங்க, துணியைப் பாத்து திரும்பப் போட்டுத் தர்றேன்."

மறுநாள் அவர் தன் மகள் கல்யாணத்துக்கு அதே கொடி டிசைனில் நெய்த புடவையையே பையில் போட்டுக் கொண்டுவந்தார். அவள் அதை வெளிச்சத்தில் விரித்து இழை எண்ண ஆரம்பித்தாள். எண்ணிக்கொண்டே, உண்மையிலேயே எதையும் எடுத்துவரவில்லை என்று இப்போதாவது நம்புகிறாரா என்று கேட்டாள்.

"நம்பறேம்மா" என்றார் ராஜவேலு. சொல்லும்போது அவர் கண் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அடுக்கியிருந்த சிடிகளின் மேலேயே இருந்தது.