இரண்டு கீறல் விழுந்த மட்டக்கம்பு

என் அறையின் மூலையில் ஒரு மட்டக்கம்பு சாய்ந்து நிற்கிறது. கொழுந்து பறிக்கிறவர்கள் தேயிலைச் செடியின்மேல் கிடத்தி மட்டம் பார்க்கிற கம்புதான், ஆனால் இது எந்த மலைக்கும் போனதில்லை. கந்தப்பளைக்கும் நுவரெலியாவுக்கும் இடையே மூன்று முறை பஸ்ஸில் பயணம் செய்திருக்கிறது. இதில் இரண்டு கீறல்கள் இருக்கின்றன. இடைவெளி மூன்று அங்குலம். அடிமட்டம் வைத்துப் பலமுறை அளந்துவிட்டேன், கூடவுமில்லை, குறையவுமில்லை.

இதைக் கொடுத்தவரை எல்லோரும் பாஸ் என்றே கூப்பிட்டார்கள். எங்கள் பக்கத்தில் கைவேலை தெரிந்தவர்கள் எல்லோரும் பாஸ்தான். நுவரெலியாவில் ஒரு சந்துக்குள் அவருடைய கடை இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் பாவித்த ரேஸ் சைக்கிள்களைத் திருத்தி விற்பார். எட்டு வருடத்துக்கு முன்பு என் மகளுக்காக அங்கே போனேன். அவளுக்கு அப்போது இருபது வயது. இரவல் சைக்கிளில் ஓடியே மாவட்டத்தில் முன்னுக்கு வந்திருந்தாள். மாகாணத் தெரிவுப் போட்டிக்கு ஆறு வாரம் இருந்தது. முதலில் வரும் ஐந்து பேருக்குத்தான் கொழும்பில் பயிற்சி. சொந்த சைக்கிள் இல்லாமல் அது நடக்காது. கடைக்கு அவளையும் கூட்டிப்போகலாமென்று மனைவி சொன்னாள். முன்பின் தெரியாத ஆள் என் பிள்ளையின் காலை அளப்பதா என்று நான் தனியாகவே போனேன். ஐந்தடி மூன்று அங்குலம் என்று அவள் உயரத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டேன்.

பாஸ் காகிதத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "ஒசரத்த வச்சு என்னங்க மாஸ்டர் செய்ய? ஒரே ஒசரத்துல ரெண்டு பேரு இருப்பாங்க, ஒருத்தருக்கு காலு நீளம், ஒருத்தருக்கு முதுகு நீளம். சைக்கிளோட சட்டம் காலுக்குத்தான் பொருந்தணும்" என்றார். மூலையிலிருந்த கம்புக்கட்டுக்குள்ளிருந்து ஒரு மட்டக்கம்பை உருவினார். "புள்ளைய வெறுங்காலோட செவத்துல ஒட்டி நிக்கச் சொல்லுங்க. தொடை இடுக்குல ஒரு புத்தகத்த முட்டக் குடுத்து, அது நிக்கிற எடத்துல கம்புல ஒரு கீறு. ஒரு ஆளுக்கு ஒரு கம்பு, ஒரு கீறு. அம்புட்டுதான்."

இலக்கம் இல்லாத கம்பால் ஒருவன் எதற்கு அளக்கச் சொல்வான்? முப்பத்துநான்கு வருடம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு அது உறுத்தியது. கூரையை அண்ணாந்து பார்த்தேன். ஐம்பது என்று இலக்கமிட்ட சின்னச் சட்டங்கள் ஏழு, ஐம்பத்துநான்கு என்ற பெரியவை இரண்டே இரண்டு. விற்காமல் கிடக்கிற சின்னதை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று அப்போதே முடிவுகட்டிவிட்டேன்.

வீட்டில் மகளே சமையல் கத்தியால் கீறல் போட்டாள். மறுநாள் பஸ்ஸில் அந்தக் கம்பை மடியில் வைத்துக்கொண்டு போகும்போது அம்மாவின் ஞாபகம் வந்தது. அம்மா கொழுந்து நிறுக்கும் இடத்திலிருந்து வரும் நாளெல்லாம் விரல் விட்டுச் சொல்வாள்: "சாக்குக்கு ஒன்னு, தண்ணிக்கு ஒன்னு, கணக்கப்புள்ள மனசுக்கு ஒன்னு." நாள் தவறாமல் மூன்று கிலோ வெட்டுவார்கள். அளக்கிறவன் எவனும் வெட்டுவான் என்பதை நான் தோட்டத்து லயன் வீட்டில் எழுத்துப் படிப்பதற்கு முன்பே படித்தவன். நுவரெலியாவில் இறங்கியதும் ஒரு மதிலோரம் ஒதுங்கி, பேனாக்கத்தியை எடுத்து, மூன்று அங்குலம் மேலே இன்னொரு கீறல் போட்டேன். அவர் வெட்டுவதை வெட்டட்டும், மிச்சம் சரியாக இருக்கும் என்பது என் கணக்கு.

அவர் வெட்டவில்லை. ஐம்பத்துநான்கைக் கொடுத்தார்.

மகள் அதில் ஏறினால் கைப்பிடி எட்டவில்லை, கழுத்து வலித்தது, நிறுத்தும்போது நுனிக்கால்தான் தரையில் பட்டது. "ரேஸ் சைக்கிள்னா அப்படித்தான் இருக்கும், பழகப் பழகச் சரியாகும்" என்றேன். பன்னிரண்டாம் நாள் ஒரு வளைவில் லொறிக்கு ஒதுங்கி நின்றபோது கால் எட்டாமல் சரிந்தாள். இடது மணிக்கட்டுக்கு மூன்று வாரம் கட்டு.

அவளையும் சைக்கிளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். சின்னதைத் தள்ளப் பார்க்கிறார் என்று சந்தேகித்த அதே ஆளை, பெரியதைத் தள்ளிவிட்டார் என்று திட்ட எனக்குக் கொஞ்சமும் கூச்சமாக இல்லை. பாஸ் உள்ளே போய்க் கம்பை எடுத்துவந்தார். மகள் வாங்கிப் பார்த்தாள்.

"கீழ இருக்கிறதுதாங்க நா போட்டது. மேல இருக்கிறது யாரு போட்டது?"

பாஸ் என்னைப் பார்த்தார். நான் கூரையில் தொங்கிய டயர்களை எண்ணினேன். பதினொன்று.

"எங்கையால பட்டதா இருக்கும்மா. நாந்தான் கவனிக்காம மேல உள்ளத பாத்துக் குடுத்துட்டேன்" என்றார். ஐம்பதை இறக்கி, இருக்கையை அவளுக்கு ஏற்றபடி வைத்து, பழையதை வாங்கிக்கொண்டார். புறப்படும்போது கம்பை என் கையில் திணித்தார். "ரெண்டு கீறு விழுந்த கம்பு எனக்கு ஆகாதுங்க மாஸ்டர். நீங்களே வச்சுக்கங்க."

சட்டம் பொருந்தியது. ஆனால் பயிற்சிக்கு மிஞ்சியது ஒரே வாரம். பத்தொன்பது பேர் ஓடினார்கள், அவள் ஆறாவதாக வந்தாள்.

அந்த ஆள் ஏன் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்று இந்த எட்டு வருடமும் துருவிப் பார்த்துவிட்டேன். என்னிடம் ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கும், ஒருநாள் வந்து நிற்பார் என்று காத்திருந்தேன். வரவில்லை. கடை இப்போது வேறு கை மாறிவிட்டது. அன்று ஐம்பத்துநான்கை இறக்குவதற்கு முன்னால் அவர், "கீழ உள்ளதா, மேல உள்ளதாங்க மாஸ்டர்?" என்று கேட்டதையும், நான் மேலேயுள்ளதில் விரல் வைத்ததையும் யாரிடமும் சொன்னதில்லை. "பாஸ் மட்டும் ஒழுங்கா பாத்திருந்தா" என்று மகள் சொல்லும்போதெல்லாம் நான் பத்திரிகையை விரித்துக்கொள்வேன்.

போன மாதம் மகள் வந்திருந்தாள். அறையைக் கூட்டும்போது கம்பை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அப்பா, ஒங்க பேனாக்கத்தி இன்னும் இருக்கா?"

மேசை இழுப்பறையைத் திறந்து எடுத்துக்கொடுத்தேன். அவள் அலகை விரித்து மேல் கீறலில் வைத்தாள். பிசகாமல் உட்கார்ந்தது. கத்தியை மடக்கி என் கையில் கொடுத்துவிட்டு, கம்பைப் பழையபடி மூலையில் சாய்த்துவைத்தாள். மிச்ச அறையையும் கூட்டி முடித்தாள்.