மிளகுக் கொத்தும் சிவப்புக் கோடும்

எங்கள் வேலையில் முதல் எதிரி தலைமுடிதான். நோயாளியின் தலையில் நீச்சல் குல்லாய் மாதிரி ஒரு கேப் மாட்டுவோம். அதிலுள்ள சோர்ஸ்கள் என்னும் குட்டி விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மண்டைக்குள் அனுப்பும். திரும்பி வரும் ஒளியை டிடெக்டர்கள் வாங்கும். ஒரு சோர்ஸும் ஒரு டிடெக்டரும் சேர்ந்தது ஒரு சேனல். மூளையில் ஓர் இடம் வேலை செய்தால் அங்கே ஆக்சிஜன் ரத்தம் கூடும். கம்ப்யூட்டரில் சிவப்புக் கோடு ஏறும். ஊசி இல்லை, வலி இல்லை. ஆனால் அடர்ந்த முடியும் தேங்காய் எண்ணெயும் இருந்தால், குச்சியால் முடியை விலக்கியே அரை நாள் போய்விடும்.

அதனால் பண்ணைக்காட்டுப் பாண்டி மொட்டைத் தலையோடு வந்தபோது எனக்கு ஏக சந்தோஷம். மிளகு பறிக்கிறவர். மூளைத்தண்டில் அடைப்பு வந்து மூன்று மாதமாகக் கை, கால், பேச்சு எதுவும் இல்லை. கண் திறந்திருக்கும், யாரையும் பார்க்காது. அவர் மனைவி செல்லத்தாய் நேர்ந்துகொண்டு, ஜீப்பில் பழனி அடிவாரம் கொண்டுபோய் முடி எடுத்திருந்தார். காய்ந்து கிடந்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தேன்.

“சாமி சந்தனம் சார். அழிச்சாக் குத்தமாயிராதா?”

“கேப்பக் கழட்டுனதும் நீங்களே திரும்பப் பூசி விடுங்கம்மா. முருகன் கோவிச்சுக்க மாட்டாரு.”

மலை வெயில் டிடெக்டருக்கு ஆகாது. ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடினேன். எல்லா சேனலிலும் சிக்னல் பச்சை. என் சர்வீஸில் அவ்வளவு சுத்தமான சிக்னலைப் பார்த்ததில்லை. இனி எல்லாம் மிஷின் பார்த்துக்கொள்ளும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கான பயிற்சிப் பிரிவில் சொன்னதைப் புரிந்துகொள்கிறவர்களுக்குத்தான் இடம். புரியவில்லை என்று எழுதிவிட்டால், குழாயில் கஞ்சி ஊற்றி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுவோம். பாண்டிக்கு எது என்று இந்தச் சோதனையில்தான் முடிவாக வேண்டும்.

ஸ்பீக்கரில் பதிவு செய்த குரல் ஓடியது. ‘உங்கள் வலது கையை மூடித் திறப்பதாகக் கற்பனை செய்யவும்.’ இருபது விநாடி கழித்து, ‘ஓய்வெடுக்கவும்.’ பத்துத் தடவை ஓடியும் சிவப்புக் கோடு அசையவில்லை.

“சிக்னல்ல கோளாறா சார்?” என்றார் டாக்டரம்மா. என் மகள் வயது அவருக்கு.

“சிக்னல் கண்ணாடியாட்டம் இருக்கு மேடம்.”

“அப்ப ரெஸ்பான்ஸ் இல்லன்னு எழுதிரவா?”

எழுதுங்க என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மூலையில் நின்ற செல்லத்தாய்தான் குறுக்கே வந்தார்.

“அந்த ரேடியோக்காரரு என்ன சொல்றாரு சார்?”

“கைய மூடித் தெறக்கிற மாதிரி மனசுல நெனைக்கச் சொல்றாரும்மா.”

“சும்மா எதுக்கு மூடித் தெறக்கணும்? சோலி இல்லாம அவுக ஒருநாளும் கைய ஆட்டுனதில்ல. மொளகு பறிக்கச் சொல்லுங்க.”

இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றாதது. “நீங்களே சொல்லுங்கம்மா” என்றேன். அவர் கட்டிலருகே குனிந்தார்.

“ஏங்க, ஏணியில நிக்கிறீங்க. எடது கையில மரத்தப் புடிச்சுக்கங்க. வலது கையால கொத்தக் கிள்ளுங்க. வெரசாக் கிள்ளுங்க, மழை வருது.”

சில விநாடிகளில் சிவப்புக் கோடு ஏறியது, ஆக்சிஜன் இல்லாத ரத்தத்தைக் காட்டும் நீலக் கோடு இறங்கியது. “போதும், எறங்கி வாங்க” என்றதும் இரண்டும் பழைய இடத்துக்கு வந்தன.

மனைவியின் குரலுக்கே ஏறியிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. நியாயமான சந்தேகம். வீட்டில் பசு கன்று போட்ட கதையைச் சொல்லச் சொன்னோம். கை அசைவுக்கான சேனல்களில் கோடு கிடையாகவே கிடந்தது. மறுபடி மிளகு, ஏறியது. மாற்றி மாற்றிப் பார்த்தோம். மறுநாள் வெள்ளனே வந்து இன்னொரு முறையும் பார்த்தோம். சந்தேகம் தீர்ந்தது. பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார்.

கேப்பைக் கழற்றிக்கொண்டே பெருமையாக விஷயத்தைச் சொன்னேன். செல்லத்தாய் சிரிக்கவில்லை.

“அப்ப நாம பேசுறது அவுகளுக்கு வெளங்குதா?”

“வெளங்குதும்மா.”

“மூணு மாசமாவா?”

“அப்படித்தான் இருக்கணும்.”

அவர் கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்தார். “போன வாரம் இவுக கட்டில்ல ஒக்காந்துதான் எங்க அண்ணங்கிட்டச் சொன்னேன் சார். இப்பிடிக் கெடக்கிறதுக்கு வெரசாப் போயிச் சேந்துட்டாத் தேவலன்னு.”

முந்தின நாள் நானும் டாக்டரம்மாவும் அவர் தலைமாட்டில் நின்றுதானே ரெஸ்பான்ஸ் இல்லை என்று பேசினோம்.

செல்லத்தாய் கணவரின் மொட்டைத் தலையில் மெல்லச் சந்தனம் பூசினார். பிறகு காதருகே குனிந்தார். “ஆத்தமாட்டாமச் சொன்னது. மனசுல வச்சுக்கிறாதீங்க.”

கேப் என் கையில் இருந்தது. அந்த நேரம் எந்தக் கோடு ஏறியது என்று எனக்குத் தெரியாது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சிக்னலைச் சரிபார்ப்பதற்கு முன்னால், அவர் கை என்ன வேலை செய்து பழகியது என்று வீட்டாரிடம் கேளுங்கள். அதற்கும் முன்னால், படுத்திருக்கிறவரிடம் உங்கள் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள்.