கல் தொங்குகிறதா

தென்காசியில் ஒரு கமிஷன் மண்டியில் எடை போட்டுவந்த ஞானதுரை, மூட்டையைத் தட்டில் ஏற்றியதும் முதலில் தராசு முள்ளைப் பார்க்கமாட்டார். குனிந்து தட்டின் அடியைப் பார்ப்பார். தட்டு தரையில் உரசிக்கொண்டிருந்தால், எத்தனை கல் வைத்தாலும் அது எடையே இல்லை என்பார்.

1961 வைகாசியில் ஒருநாள், கால்களை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் திருப்பிக் கல்லைத் தூக்கினார். இடுப்பில் சுரீரென்றது. வலி இடது தொடை வழியே இறங்கிக் கணுக்காலில் போய் நின்றது.

"சீசன் ஆரம்பிச்சாச்சுல்லா. குத்தாலத்துக்குப் போயி அருவியில முதுகைக் காட்டும் வே. ஓசி வைத்தியம்" என்றார்கள் மண்டியில். போய் அருவிக் கூட்டத்தில் இடித்துப் பிடித்துக் குனிந்து நின்றார். திரும்பும்போது மேலகரத்து வீடு வரை ஜட்காவில் உட்காரவும் முடியாமல் படுத்தே வந்தார்.

டாக்டர் விளக்கினார். "நுங்கை ஒரு பக்கம் அமுக்கினா சதை மறுபக்கம் பிதுங்கும் பாத்திருக்கீரா? உம்ம முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற மெத்தையும் அப்படித்தான். முன்னால குனியக் குனியப் பின்னால பிதுங்கி நரம்பை நசுக்குது. படுத்த நிலையில கொஞ்சம் இழுத்து வச்சா, அதுக்கு இடம் கிடைக்கும்."

கம்பவுண்டர் அய்யாக்குட்டி வீட்டுக்கு வந்து பலகைக் கட்டில் போட்டு, கால்மாட்டுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினார். இடுப்பில் கான்வாஸ் பட்டை. அதிலிருந்து புது நூல்கயிறு கால்மாட்டுக் கப்பியில் ஏறிக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் இறங்கியது. தொங்கவிட ஒரு கல் வேண்டுமே? கிலோ வந்தபின் மண்டி ஒதுக்கிய பழைய ஐந்து வீசைக்கல் ஒன்று ஞானதுரை வீட்டிலேயே கிடந்தது.

"அடுத்த தடவை பாக்கும்போது தேறலைன்னா மதுரைக்குப் போயி ஆபரேஷன்தான். கூட ஒரு ஆள் வரணும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த ஆள் யார் என்று படுத்தபடியே யோசித்தார். மனைவி கல்லறைத் தோட்டத்தில். பிள்ளையில்லை. தங்கை புருஷனோடு பேச்சில்லை. மண்டியில் எல்லாரும் வணக்கம் சொல்லுகிறவர்கள். மதுரைக்கு வருகிறவர்கள் இல்லை.

பக்கத்து இட்லிக் கடை முப்பிடாதியம்மாள் வேளாவேளைக்குத் தூக்குச்சட்டியைத் தலைமாட்டு ஜன்னலில் வைத்துவிட்டுப் போவாள். தனியாக இருக்கிற ஆணின் வீட்டுக்குள் அவள் வருவதில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் அவர் முகம் மட்டும்தான் தெரியும்.

முதலில், இருமினாலும் அசைந்தாலும் கப்பி கிறீச்சிட்டது. அந்த அறையில் அவருக்குப் பதில் சொன்னது அது ஒன்றுதான். போகப்போக இடுப்பில் இழுப்பு குறைந்தது. பழகிவிட்டது என்று நினைத்தார். ஆனால் கால் வலி மட்டும் குறையவில்லை.

வெளியே சாரல் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் பலமாக இருமினார். கப்பி கிறீச்சிடவில்லை. வேண்டுமென்றே இன்னொரு தரம் இருமினார். சாரல் சத்தம் மட்டும் கேட்டது.

கல் தரையில் உட்கார்ந்திருக்குமோ? பட்டையை அவிழ்த்து எழுந்து பார்த்தால் பிரயோசனமில்லை. அவிழ்த்த உடனே கல் தரைக்குத்தானே வரும். கட்டிப் படுத்திருக்கும்போதுதான் பார்க்கவேண்டும். அதற்கு இன்னொரு ஜோடிக் கண் வேண்டும்.

முப்பிடாதியம்மாள் சட்டியை வைக்க வந்தபோது கேட்டேவிட்டார். "எம்மா, ஒரு நிமிஷம் உள்ள வந்து பாக்கணும்."

"என்னத்த அண்ணாச்சி?"

"கல்லு தொங்குதான்னு."

அவள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். "தொங்காட்டா என்ன செய்யும்?"

"மதுரைக்குப் போகணும். கூட்டிட்டுப் போக ஆளில்ல."

கதவை விரியத் திறந்துவைத்துவிட்டு உள்ளே வந்தாள். கால்மாட்டைச் சுற்றிப் போனவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "அண்ணாச்சி, இது சம்மணம் போட்டுல்லா உக்காந்திருக்கு. நோக்காடு உங்களுக்கா இதுக்கா?"

"எறங்கிட்டா?"

"புதுக் கயிறுல்லா, நீண்டு தொய்ஞ்சு போச்சு. ஊரு மூட்டைக்கெல்லாம் தட்டுக்கடியில குனிஞ்சு பாப்பீங்க."

அவள் கல்லைத் தூக்கிக் கயிற்றைச் சுருக்கி முடிச்சிட்டு, மெல்ல விட்டாள். இடுப்பு இழுபட்டது. கப்பி கிறீச்சிட்டது.

அதன்பிறகு சட்டி வைக்கும்போதெல்லாம், "தொங்குதா?" என்று கேட்டபடியே உள்ளே வந்து பார்த்தாள். ஒரு வார்த்தை கடை வியாபாரம், ஒரு வார்த்தை மழை. வலி கணுக்காலை விட்டுத் தொடைக்கு ஏறியது, பிறகு இடுப்போடு நின்றது. டாக்டர் மதுரைப் பேச்சை எடுக்கவில்லை. இனிக் கல் தூக்கக்கூடாது, நின்றபடி முள் பார்க்கலாம் என்றார்.

ஆவணியில் அய்யாக்குட்டி வந்து பட்டையையும் கப்பியையும் கழற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ஞானதுரை நடந்தே இட்லிக் கடைக்குப் போனார். "வாங்க அண்ணாச்சி, இனி ஜன்னலுக்கு வேலையில்ல" என்று சிரித்தபடி முப்பிடாதியம்மாள் இலையைப் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனாள். சாப்பிட்டு வீடு திரும்பினார். வீசைக்கல் கட்டில் காலோரம் கிடந்தது. எடுத்து வைக்கக் குனியப்போனவர், டாக்டர் சொன்னது நினைவு வந்து நிமிர்ந்தார். காலால் அதைச் சுவரோரம் தள்ளினார். இருமல் வந்தது. இருமிவிட்டு, கப்பி இருந்த கால்மாட்டைத் திரும்பிப் பார்த்தார்.